எப்பிங் வனமும் இலண்டன் மாநகர மக்களும்

நகரம் வளருங்கால் காடு தேய்தல் உலக வரலாற்றிற் பெரும்பாலும் எங்கும் காணப்படும் நிகழ்ச்சியாகும். காடு கொன்று நாடாக்கிய மன்னரைப் புகழ்ந்து பாடும் மரபு நம் பழைய இலக்கியத்திலும் உண்டு. மக்கள் தொகை சிறிதாயும் காடு பெரிதாயும் இருந்த காலத்தில் அப்புகழ் பொருத்தமுடையதே. மக்கள் தொகை பெருகிக் காடு சுருங்கிய பிற்காலத்திலோ, எஞ்சிய காட்டைக் காத்தோரும் அத்தகைய புகழுக்கு உரியவராயினர். அவ்வாறு ஒரு பெருநகரின் வாயிலிலேயே, அந்நகர் மிக விரைவாகப் பெருகிய நூற்றாண்டிலேயே, காக்கப்பட்ட காடு ஒன்றின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக் கூறுகின்றது.

இலண்டன் நகரின் வடகீழ்த் திசையில், எசெக்ஸ் மாகாணத்தை நோக்கிப் பிறைபோல் நீண்டு கிடப்பது எப்பிங் வனம். ஏறக்குறைய 6000 ஏக்கர் பரப்புடைய இவ்வனத்தின் தென்முனை நகரின் தெருக்களோடு ஒட்டியிருக்க, வடமுனை வயல் சூழ்ந்த சிற்றூர்களைத் தொடுகின்றது. இதனைக் காத்தவர் யாவர் என்று வினவின், மூன்று விடைகள் கூறப்படுவதுண்டு. விக்ரோறியா அரசி 1882ஆம் ஆண்டில் மக்களுக்கு வழங்கினார் என்பது ஒன்று. இலண்டன் மாநகரசபை பெரும்பொருள் செலவிட்டு வழக்காடி மீட்டது என்பது மற்றொன்று. கோடரி ஏந்திய ஏழைத் தொழிலாளி ஒருவரே மீட்டார் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒன்றேனும் முழு உண்மையன்று. இவற்றைப் பிரித்தறிவதற்கு, அந்நிலத்தின்மீது யார் யாருக்கு எவ்வெவ்வுரிமை இருந்தது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

வனமும் மூவகை உரிமையும்

இடைக்கால இங்கிலாந்தில் வனம் என்னும் சொல் மரம் அடர்ந்த இடத்தை மாத்திரம் குறித்ததன்று. அரசனுடைய வேட்டைக்கென ஒதுக்கப்பட்டு, பொதுச் சட்டத்தோடு தனியான வனச் சட்டத்துக்கும் உட்பட்ட நிலப்பரப்பையே அது குறித்தது. அப்பரப்பினுள் மரக்காடும் புற்றரையும் மட்டுமன்றி ஊர்களும் வயல்களுங்கூட அடங்கியிருந்தன. எப்பிங் வனம் 12ஆம் நூற்றாண்டளவில் இவ்வாறு அரச வனமாக இருந்தது.

இவ்வனத்தில் நிலம் ஒருவருக்கும், மான் மற்றொருவருக்கும், புல்லும் விறகும் வேறொருவருக்கும் உரியனவாயிருந்தன. மண்ணுக்கு உரியவர் ஆங்காங்குள்ள பண்ணைப் பிரபுக்கள். மானுக்கும் மான் வாழ்வதற்கு வேண்டிய மறைவிடத்துக்கும் உரியவன் அரசன். ஊரவருக்கோ அந்நிலத்தில் மாடு மேய்க்கும் உரிமையும், சில ஊர்களிலே குளிர்காலத்தில் மரக்கிளை தறித்து விறகெடுக்கும் உரிமையும் இருந்தன. அரசனுடைய மான்கள் தடையின்றி ஓடித் திரிய வேண்டியிருந்தமையால், பிரபுக்கள் தம் நிலத்துக்கு வேலியடைத்தல் இயலாதாயிற்று. வனச் சட்டம் ஏழைகளைப் பெரிதும் வருத்திய கொடுஞ்சட்டமே. எனினும், அது நிலைத்திருந்த காலமெல்லாம் ஊரவருடைய மேய்ச்சல் நிலத்துக்கு அறியாமலே காவலாக அமைந்தது. அரசர்கள் வேட்டையை மறந்தபின், அக்காவல் நீங்கியது.

ஹெயினோல்ற் வனத்தின் அழிவு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்க உத்தியோகத்தரின் கண்ணுக்கு அரச வனங்கள் வருவாய் தராத வீண்நிலங்களாகவே தோன்றின. எப்பிங் வனத்துக்கு அயலே கிடந்த ஹெயினோல்ற் வனம், 1851ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் வனம் என்னும் நிலையை இழந்தது. அதன்பின் சிறிது காலத்துள், நூற்றாண்டுகள் வாழ்ந்த மரங்கள் வேரோடு பறிக்கப்பட்டு, அரசுக்குரிய பகுதி விளைநிலமாக்கப்பட்டது.

எப்பிங் வனத்தில் மண் அரசுக்கு உரியதன்று. ஆகவே, ஆங்கே அரசாங்கம் வேறு வழியைக் கையாண்டது. அரசனுக்கு எஞ்சியிருந்த வனவுரிமையை ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 பவுண் வீதம் பண்ணைப் பிரபுக்களுக்கே விற்றது. மானுரிமை நீங்கவே, தமக்குத் தடையில்லை எனக் கருதிய பிரபுக்கள் வேலியடைக்கத் தொடங்கினர். 1851இல் ஏறக்குறைய 6000 ஏக்கராகத் திறந்து கிடந்த வனத்தில், இருபது ஆண்டுகளின் பின் ஏறக்குறைய பாதியே எஞ்சியது.

இதே காலத்தில் இலண்டன் நகரம் வளர்ந்த வேகத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1801இல் ஏறக்குறைய 10 இலட்சமாயிருந்த அந்நகரின் மக்கள் தொகை, 1851இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்டது. நகரின் கீழ்ப்பகுதியில், துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சார்ந்து வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள், காற்றும் வெளிச்சமும் குன்றிய சந்துகளில் நெருங்கிக் கிடந்தன. 1856இல் லௌற்றன் என்னும் வனத்தூருக்குப் புகையிரதப் பாதை வந்தது. அதன்பின் விடுமுறை நாட்களில் அக்குடும்பங்கள் காற்று வாங்கச் சென்ற இடம் எப்பிங் வனமேயாம். அப்புகையிரதப் பாதையே வனத்தின் ஓரத்து நிலத்தின் விலையையும் உயர்த்தியது. மக்களுக்கு வனம் கிட்டியதாக, வீடு கட்டி விற்போருக்கும் அது கிட்டியதாயிற்று.

கிளை தறித்தவர்

லௌற்றன் ஊரவருக்கு நெடுங்கால வழக்கமொன்று இருந்தது. நவம்பர் மாதம் 11ஆம் நாள் நள்ளிரவு தொடங்கி ஏப்ரில் மாதம் 23ஆம் நாள் வரை வனத்து மரங்களின் கிளைகளைத் தறித்து விறகாக எடுத்துச் செல்லலாம். அடிமரத்தை வெட்டுதல் ஆகாது. மாடுகளின் வாய்க்கு எட்டாத உயரத்திலேயே கிளைகள் தறிக்கப்படும். அவ்விடத்திலிருந்து புதுத்தளிர் கிளம்பிச் சில ஆண்டுகளில் மீண்டும் விறகாக முதிரும். பூவரசு முதலிய வேலி மரங்களைக் குழைக்காகத் தறித்துத் தறித்து வளர்க்கும் யாழ்ப்பாணத்தவருக்கு இம்முறை எளிதில் விளங்கும். இவ்வாறு தறிக்கப்பட்ட ஓக்கு, பீச்சு, ஹோண்பீம் மரங்கள், பருத்த அடியும் பல கவர்களும் உடையனவாய், தறிக்கப்படாத மரங்களினும் நீண்ட காலம் வாழ்ந்தன.

லௌற்றன் பண்ணைக்குப் பிரபுவாகவும் அவ்வூர்த் திருச்சபைக் குருவாகவும் விளங்கியவர் ஜோன் விற்றேக்கர் மெயிற்லண்ட் என்பவர். இவர் 1865ஆம் ஆண்டளவில் தம் பண்ணையைச் சேர்ந்த 1000 ஏக்கருக்கு மேற்பட்ட வனநிலத்துக்கு வேலியடைத்தார். தோமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய தொழிலாளி அவ்வேலியைப் பொருட்படுத்தாது வழக்கம்போற் கிளை தறித்தார். இதனால் எழுந்த பிணக்கில், 1866இல் அவர் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் மூவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டுச் சிறை சென்றனர்.

வில்லிங்கேலைப் பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. தறிக்குந் தொழிலாளரை நவம்பர் 11ஆம் நாள் இரவு விருந்துக்கழைத்து மதுவூட்டி, நள்ளிரவில் ஒருவரும் வனம் செல்லாதவாறு செய்து, அவ்வாண்டு தறிக்கப்படாமையால் உரிமை அற்றுப்போயிற்று என வாதிடப் பிரபு தரப்பினர் சூழ்ச்சி செய்தனர் என்றும், வில்லிங்கேல் மட்டும் விருந்தினின்று நழுவிச் சென்று கிளையொன்றைத் தறித்துக்கொண்டு மீண்டார் என்றும் கூறுவர். இக்கதை ஊரவர் நினைவில் நிலைத்ததேயன்றி உறுதியான சான்றுடையதன்று. அவர் தறித்த விறகைத் தம் அடுப்புக்கு மாத்திரமன்றி விலைக்கும் பயன்படுத்தினார் என்பாரும் உளர். வரலாறு கற்போர் இவற்றை மறைத்தல் வேண்டியதில்லை. குற்றமற்ற வீரர் ஒருவர் இருந்தமையாலன்று, தமக்குரியதென நம்பிய ஒன்றை விட்டுக்கொடுக்க மறுத்த சாதாரண மனிதர் ஒருவர் இருந்தமையாலேயே வழக்குப் பிறந்தது.

சங்கமும் சட்டமும்

ஏழை ஒருவர் பிரபுவை எதிர்த்துச் சான்சரி நீதிமன்றத்தில் வழக்காடுதல் அக்காலத்தில் எண்ணவும் இயலாதது. அதற்கு வேண்டிய பொருளையும் அறிவையும் அளித்தது, 1865ஆம் ஆண்டில் இலண்டனிலே தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கமாகும். அதனைத் தோற்றுவித்தவர் பாராளுமன்ற உறுப்பினரான ஜோர்ஜ் ஷோ-லெவீவர். தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ரூவாட் மில், கண்பார்வை இழந்தும் பாராளுமன்றத்திலே பொதுநிலங்களுக்காக இடைவிடாது வாதாடிய ஹென்றி போசெற், ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்த ஒக்ரேவியா ஹில் ஆகியோர் அதற்குத் துணைநின்றனர். இளஞ் சட்டத்தரணியான றொபேட் ஹன்ரர் 1868 முதல் அதன் சட்ட ஆலோசகராக விளங்கினார். பிற்காலத்தில், 1895இல், ஒக்ரேவியா ஹில்லும் ஹன்ரருமே வேறொருவரோடு சேர்ந்து தேசிய நம்பிக்கை நிதியம் என்னும் பெருநிறுவனத்தைத் தோற்றுவித்தனர்.

இச்சங்கத்தின் உதவியோடு 1866இல் வில்லிங்கேல் பெயரால் மெயிற்லண்டுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு முடிவதற்கு முன்பே, 1870இல், வில்லிங்கேல் இறந்தார்; அவரோடு வழக்கும் தீர்ப்பின்றி மறைந்தது. ஆயினும் அது வீணாயிற்று எனல் பொருந்தாது. வழக்கு நடந்த நான்கு ஆண்டுகளும் அப்பகுதி அழிவு தடைப்பட்டு நின்றது. அதற்கிடையில் வனத்தின் செய்தி ஊர்ச்சண்டை என்னும் நிலை கடந்து நாட்டின் வினாவாக வளர்ந்தது. 1870இல் போசெற் கொணர்ந்த பிரேரணையைப் பாராளுமன்றம் ஏற்று, அரசுக்கு எஞ்சியிருந்த உரிமையை விற்காது வனத்தைத் திறந்தவெளியாகக் காக்கவேண்டும் எனக் கேட்டுக்கொண்டது.

1871ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆம் நாள், வனத்தின் தென்முனையான வன்ஸ்ரெட் வெளியில் மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடினர். ஆங்குப் பிரபு கௌலி என்பவருடைய வேலி அடைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தின் முடிவில் மக்கள் அவ்வேலியைப் பிய்த்தெறிந்தனர். இலண்டனின் கீழ்ப்பகுதித் தொழிலாளர் அவ்வெளியின்மீது தமக்கிருந்த பற்றினை இவ்வாறு புலப்படுத்தினர். ஆனால் பிய்த்தெறிந்த வேலி மறுநாள் மீண்டும் எழுதல் கூடும். அது மீண்டும் எழாதவாறு தடுக்கவல்லது சட்டம் ஒன்றே.

சவக்காலை தந்த உரிமை

இங்கேதான் எவரும் எதிர்பாராத ஒரு தற்செயல் துணைசெய்தது. இலண்டன் மாநகரசபை, நகரினுள் சவம் அடக்க இடம் போதாமையால், 1853இல் வனத்தின் தென்முனைக்கு அண்மையிலே பண்ணைநிலமொன்றை வாங்கிப் புதிய சவக்காலை அமைத்திருந்தது. அந்நிலத்துக்கு வனத்தில் மாடு மேய்க்கும் உரிமையும் உடன்சேர்ந்திருந்தது. ஆகவே, செல்வம் மிக்க அம்மாநகரசபை, இரண்டு மாடு வைத்திருந்த குடியானவனைப் போலவே, தானும் ஒரு பொதுநில உரிமையாளராய் நின்றது. இதனைப் பயன்படுத்தி, 1871இல் மாநகரசபையின் வடிகால் ஆணையாளர் பண்ணைப் பிரபுக்கள் அனைவர்மீதும் வழக்குத் தொடுத்தனர்.

வழக்கின் உயிர்நாடி பின்வரும் வினாவாகும். ஒரு பண்ணையைச் சேர்ந்த ஊரவருக்கு அப்பண்ணை நிலத்தில் மாத்திரம் மேய்ச்சல் உரிமையா, அன்றி வனம் முழுவதிலுமா? முன்னையதாயின், பிரபு ஒவ்வொருவரும் தத்தம் ஊரவர் சிலரைப் பணத்தாலும் அச்சத்தாலும் வசப்படுத்தித் தம் பகுதியை அடைத்துவிடலாம். பின்னையதாயின், எந்தப் பிரபு எங்கே வேலி அடைத்தாலும் வனத்தின் உரிமையாளர் எல்லாருடைய உரிமையும் குறைவுபடும். எங்கோ ஒரு மூலையிலுள்ள ஒருவர் இணங்க மறுப்பினும் அவ்வேலி நிற்கமாட்டாது. பழைய வன ஏடுகளை ஆராய்ந்தும் முதியோரின் சாட்சியம் பெற்றும் மாநகரசபைத் தரப்பினர் காட்டியது இதுவே: மாடுகள் பண்ணை எல்லைகளை அறியமாட்டா, வேலியற்ற வனத்தில் அவை நூற்றாண்டுக் கணக்காக எங்கும் மேய்ந்து வந்தன, அதற்கேற்ப உரிமையும் வனம் முழுவதற்கும் உரியது.

1874இல் உயர் நீதிபதி சேர் ஜோர்ஜ் ஜெசல் தீர்ப்பளித்தார். உரிமை வனம் முழுவதற்கும் உண்டு என்றும், வழக்குத் தொடங்குமுன் சென்ற இருபது ஆண்டுகளில் இடப்பட்ட அடைப்புக்கள் சட்டத்துக்கு மாறானவை என்றும் அவர் கூறினார். ஏறக்குறைய 3000 ஏக்கர் நிலம் இதனால் மீண்டும் திறந்தவெளியாகும் வாய்ப்பைப் பெற்றது.

அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவின் விசாரணையும் முற்றுப்பெற்றபின், 1878இல் எப்பிங் வனச் சட்டம் நிறைவேறியது. அதன்படி இலண்டன் மாநகரசபை வனபரிபாலகராயிற்று. வனத்தை அடைக்காமலும் அதன்மீது கட்டடம் எழுப்பாமலும் மக்களின் பொழுதுபோக்குக்காகக் காத்தல் அதன் கடமையாக விதிக்கப்பட்டது. பண்ணைப் பிரபுக்களின் உரிமையை வாங்குதற்கு வேண்டிய பணத்தை, இலண்டன் துறைமுகத்தில் இறங்கும் தானியத்தின்மீது பெற்றுவந்த தீர்வையிலிருந்து மாநகரசபை எடுத்தது. எனவே, நகரத்தார் உண்ட உணவிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த பொருளே காட்டின் விலையாயிற்று. 1882ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் விக்ரோறியா அரசி ஹைபீச் என்னுமிடத்துக்கு வந்து, இவ்வனத்தை மக்களின் பயனுக்கு எக்காலத்துக்கும் உரியதாக்கினார். உண்மையில் அரசியின் உரிமையிற் பெரும்பகுதி முன்னரே விற்கப்பட்டுவிட்டது. அரசி வழங்கிய பொருளை, மக்கள் ஏலவே வழக்காடி வென்றிருந்தனர்.

வெற்றியின் விலை

வரலாற்றுக் கதைகள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். ஆனால் எப்பிங் வனத்தின் கதையில் நாம் மிகவும் சிந்திக்கவேண்டிய பகுதி இதன்பின்னரே தொடங்குகின்றது.

எந்த உரிமைக்காக வில்லிங்கேல் குடும்பத்தார் சிறை சென்றனரோ, அந்த உரிமையை 1878ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்துவிட்டது. கிளை தறித்தல் மரத்துக்குக் கேடு விளைப்பது எனவும் வனத்தின் அழகைக் குலைப்பது எனவும் அக்காலத்தார் எண்ணினர். நட்டஈடாக 7000 பவுண் வழங்கப்பட்டது. அதிற் பெரும்பகுதியைக் கொண்டு 1884இல் லௌற்றன் ஊரில் லொப்பிங் மண்டபம் கட்டப்பட்டது. கிளை தறித்தல் என்னும் பொருள்பட்ட அப்பெயர் இன்றும் அம்மண்டபத்தில் நிலைத்திருக்கின்றது; தொழிலோ மறைந்தது. நகரத்து மக்கள் உலாவும் இடமொன்றைப் பெற்றனர். வனத்தூர் ஏழை தன் அடுப்பின் விறகை இழந்தான்.

வனமும் அதனோடு மாறியது. வனத்தின் இயற்கைத் தோற்றத்தைக் காக்குமாறு சட்டம் விதித்தது. ஆயின், இயற்கை எனக் கருதப்பட்ட அத்தோற்றம், பல நூற்றாண்டுகளாகத் தறிப்போரின் கோடரியும் மேயும் மாட்டின் வாயும் சேர்ந்து ஆக்கியதாகும். தறித்தல் நின்றதும் கவர்கள் பருத்து மேலெழுந்தன. இலைப் பந்தல் மூடிக்கொண்டது. ஒளி விரும்பும் புல்லும் சிறு செடிகளும் நிழலில் மடிந்தன. சுமை தாங்காத முதுமரங்கள் பிளந்து வீழ்ந்தன. நெருக்கத்தைக் குறைக்க எண்ணிப் பரிபாலகர் மரங்களை வெட்டியபோது எதிர்ப்பு எழுந்தது. வனத்தின் அருகே வால்தம்ஸ்ரோவிற் பிறந்து, சிறுவயதில் அதனுள் திரிந்து வளர்ந்த கவிஞர் வில்லியம் மொறிஸ், 1895இல் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி அவ்வெட்டுதலைக் கண்டித்தார். ஹோண்பீம் மரங்களே அவ்வனத்தின் தனிச்சிறப்பு என்பதும், அதனைப் பூங்காவாக்குதல் தகாது என்பதும் அவர் கொள்கை. வனம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பது வல்லுநர் மாத்திரம் முடிவுசெய்யும் பொருளன்று என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியது.

அவ்வெண்ணம் பின்னரும் பயன்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்திற் குண்டுவீச்சினால் வீடிழந்தோர் பலர் இலண்டனின் கீழ்ப்பகுதியில் இருந்தனர். அவர்களுக்கு வீடமைத்தற்பொருட்டு வன்ஸ்ரெட் வெளியில் ஒரு பெரும்பகுதியை எடுக்க உள்ளூராட்சிச் சபையொன்று முயன்றது. நோக்கம் குறைகூறற்கரியது, தேவையும் உண்மையானது. எனினும் அப்பகுதி மக்கள் கையொப்பம் திரட்டி எதிர்த்தனர். 1946இல் பகிரங்க விசாரணை நடந்தது; அதன்பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. முன்னோர் 1871இல் வேலி பிய்த்த அதே வெளியை, அவர்தம் வழித்தோன்றல்கள் விண்ணப்பத்தாற் காத்தனர்.

கடந்த சில பத்தாண்டுகளாக வனத்தைப் பேணும் முறையிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. தறிக்கப்பட்ட பழைய மரங்கள் 50,000க்கு மேல் அவ்வனத்தில் உள்ளன. அவற்றின் உட்பொந்துகளும் உளுத்த மரமும் அரிய வண்டினங்களுக்கு உறைவிடம் என்பதை விஞ்ஞானிகள் உணர்த்தியபின், தெரிந்தெடுத்த சில பகுதிகளிற் கிளை தறித்தல் மீண்டும் தொடங்கப்பட்டது. வார இறுதிகளிற் கூடும் தொண்டர்கள் அடர்ந்த புதரை நீக்கியும் வெளிகளைத் துப்புரவாக்கியும் உதவுகின்றனர். வழக்கின் அடிப்படையாயிருந்த மாடுமேய்ச்சல் 1996இல் மாட்டுநோய் காரணமாக நின்றுபோயிற்று. 2002 முதல் நீண்ட கொம்புடைய பழைய ஆங்கிலேய இனத்து மாடுகள் மீண்டும் வனத்துக்குக் கொணரப்பட்டுள்ளன. ஒருகாற் குற்றமெனத் தண்டிக்கப்பட்டு, பின் கேடெனத் தடுக்கப்பட்ட தொழில், இன்று வனத்தின் மருந்தெனப் போற்றப்படுகின்றது.

முடிவுரை

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்கின், தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒருவாறு விடை கூறலாம். எப்பிங் வனத்தைத் தனியொருவர் காத்தாரல்லர். ஏழையின் பிடிவாதம் வழக்கைப் பிறப்பித்தது. கற்றோர் சங்கம் அதற்குச் சட்டமொழி தந்தது. தெருவில் திரண்ட மக்கள் அதற்கு வலிமை தந்தனர். மாநகரசபையின் செல்வம் அதனை முடிவுவரை நடத்தியது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் ஹெயினோல்ற் வனத்துக்கு நேர்ந்ததே எப்பிங் வனத்துக்கும் நேர்ந்திருக்கும்.

அவ்வெற்றிக்குள் ஒரு குறையும் இருந்தது. நிலத்தைக் காத்தவர்கள், அந்நிலத்தோடு வாழ்ந்தவர்களின் தொழிலையும் அறிவையும் மதிக்கத் தவறினர். ஏட்டிற் கண்ட சட்டத்தை அவர்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். மரத்திற் கண்ட தழும்பை ஆராயவில்லை. அத்தழும்பே அம்மரங்களின் நீண்ட வாழ்வுக்குக் காரணம் என்பது தெளிவாக அறியப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. நகரத்துப் பசும்பரப்பு ஒன்றை வேலியினின்று மீட்டல் ஒருமுறை செய்து முடிக்கும் செயல். அதனைப் பேணுதலோ தலைமுறைதோறும் புதிதாகக் கற்றுச் செய்யவேண்டிய தொழில். மரத்தடியிற் குளிர்காயும் விறகு தேடி வந்த முதியவரும் அத்தொழிலில் ஆசிரியராதல் கூடும் என்பதை எப்பிங் வனத்தின் வரலாறு நமக்குப் புலப்படுத்துகின்றது.